எட்டாயிரத்து எண்பதாம் வாசல்

நைஜல் அனுப்பிய கமரா துவாயில் சுற்றியபடி, பால்மா டின்னுக்கும் இரண்டு ஜீன்ஸுக்கும் நடுவில் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தது. கட்டாரில் நைஜலோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் றவூப் லீவில் காத்தான்குடிக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். நைஜலின் மனைவி லொறெய்ன் அதைத் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாதியில் நின்ற கவுனுக்குக் கை பூட்டத் தொடங்கினாள். ஒரு கை முடிவதற்குள் வீட்டு போன் அடித்தது.

"வந்திட்டா?"

"இப்பதான் வந்த. பெட்டியக்கூடத் திறக்கல்ல."

"திற. நான் லைன்ல நிக்கிறன்."

நைஜல் முன்பு இப்படி அவசரப்படுகிற ஆள் இல்லை. மட்டக்களப்புக் கரையில், டச்பாரில், கடலைப் பார்த்தபடி அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு மறுநாள் காலையில் கடல் ஏறி வந்தபோது அவன் டோஹாவில், ஒரு ஹோட்டலின் மின்சாரப் பராமரிப்புப் பகுதியில் வேலையில் நின்றான். தொலைக்காட்சியில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தான். எந்த ஊர்த் தண்ணீர் என்று அதில் யாரும் சொல்லவில்லை. மட்டக்களப்புக்கு எந்த லைனும் கிடைக்கவில்லை. மனைவியும் சின்னவள் ஹெதரும் உயிரோடு இருக்கிறார்கள், மூத்தவன் ரொபின் இல்லை என்ற செய்தி அவன் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரொபினை அடக்கம் செய்தும் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் வந்தான். சேமக்காலையில் ரொபினின் கல்லறைக்கு ஒரே ஒரு முறை போனான். லீவு முடியுமுன்னமே திரும்பிப் போய்விட்டான்.

அன்றிலிருந்து போன். காலையில் போன், ஹெதர் பள்ளிக்கூடம் போனதும் போன், வந்தாளா என்று போன். லொறெய்ன் தாண்டவன்வெளியில் வாடகை வீடெடுத்து, பெண்களுக்குக் கவுனும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையும் தைத்துக்கொண்டிருந்தாள். போன் அடிக்காத நேரத்தில் அடிக்கப்போகிறது என்று காது அந்தப் பக்கமே கிடக்கும். வீட்டுக்கு இன்டர்நெட் லைன் எடுக்கச் சொன்னவனும் அவன்தான். நாலு வருஷம் கழித்து, இப்போது கமரா. வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. நகரத்தில் சந்திக்குச் சந்தி துவக்கோடு ஆமிக்காரரின் சோதனை. நைஜலுக்குக் கடலும் போதவில்லை, இனி துவக்குக்கும் பயப்பட வேண்டும்.

கமராவை முன்பக்கக் கூரை விளிம்பில் கட்டி, வயரை யன்னலால் உள்ளே எடுத்து, ரவுட்டரில் பூட்டினாள். வீட்டுக் கணினியில் படம் விழுந்தது. கேற், றோட்டு, எதிர்வீட்டுத் தெய்வமணி அக்காவின் மதில், அதற்கு மேலால் முருங்கை. ஆனால் டோஹாவில் ஒன்றும் தெரியவில்லை.

"நமக்குள்ள தெரியுது. உங்களுக்கு ஏன் தெரியல்ல?"

"நான் வெளிய நிக்கிறன் புள்ள," என்றான் நைஜல். "ரவுட்டர் கேற்றடியில நிக்கிற காவல்காரன் மாதிரி. உள்ளுக்கு இருந்து போறவங்கள விடும். வெளியால இருந்து வந்து கேக்கிற ஆளத் திருப்பி அனுப்பிப்போடும். அதுக்கு நாம சொல்லிவைக்க வேணும். எட்டாயிரத்து எண்பதாம் வாசலால ஒராள் வந்தா, நேரா கமராட்டக் கூட்டிக்கொண்டு போ எண்டு."

ரவுட்டரின் வயிற்றில் ஒட்டியிருந்த துண்டில் பாஸ்வேர்ட் இருந்தது. அதைப் போட்டு உள்ளே போனாள். நைஜல் ஒரு தாளைப் பார்த்து வாசித்தான். போர்ட் ஃபோர்வர்டிங் என்று ஒன்று இருக்கும், அதை அமத்து.

"அப்பிடி ஒண்டு இஞ்ச இல்ல."

"இரிக்கும். வடிவாப் பார்."

"இல்ல நைஜல். முழுக்கப் பாத்திட்டன்."

அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவளுக்கும் எரிச்சல் ஏறியது. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மூடி, கடைசியில் வேர்ச்சுவல் சேர்வர் என்று பெயர் போட்ட இடத்தில் அவன் சொன்ன கட்டங்கள் எல்லாம் இருக்கக் கண்டாள். அந்த ரவுட்டர் செய்தவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். வெளிவாசல் எண், உள்ளே கமராவின் முகவரி, அதன் வாசல் எண். எழுதி, சேமித்து, ரவுட்டரை நிறுத்திப் போட்டாள்.

"தெரியுது," என்றான் நைஜல். பிறகு, "கேற்ற ஏன் திறந்து வெச்சிரிக்காய்?" என்று கேட்டான்.

பின்னேரம் கரண்ட் போய் வந்தது. நைஜலுக்குப் படம் போய்விட்டது. கரண்ட் போய் வந்தால் வீட்டின் வெளி முகவரி மாறிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். புதியதை அவள் வாசித்துக் கொடுத்தாள். அப்படியும் தெரியவில்லை. மறுநாள் சோறு வடிக்கும்போதுதான் லொறெய்னுக்கு மூளையில் பட்டது. வெளி முகவரி மாறினால் உள் முகவரியும் மாறாதா? கஞ்சிக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். நேற்று நாலில் முடிந்த கமராவின் முகவரி இன்று ஆறில் முடிந்தது. வாசலில் வந்த ஆளை ரவுட்டர் ஆளில்லாத அறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கமராவுக்கு மாறாத ஒரு முகவரியைக் கொடுத்து, ரவுட்டரிலும் அதையே எழுதினாள். அதற்குப் பிறகு அந்தப் பிழை வரவில்லை. ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்ததும் வெளி முகவரியை மட்டும் போனில் சொன்னாள்.

ஒரு வாரம் போயிருக்கும். சைக்கிளில் ரோந்து வந்த ஆமிக்காரர்கள் கேற்றடியில் நின்றார்கள். அதிகாரி கூரையை அண்ணாந்து பார்த்தார். "இது யார் பாக்கிறது?" என்று உடைந்த தமிழில் கேட்டார்.

"என்ட ஹஸ்பண்ட். கட்டார்ல இரிக்கார்."

காட்டச் சொன்னார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கணினிக்கு முன்னால் குனிந்தார். கேற்றடியில் காவல் நின்ற சிப்பாய் திரையில் தெரிந்தான். ஒருவரும் பார்க்கவில்லை என்று எண்ணி மூக்கைக் குடைந்துகொண்டு நின்றான். அதிகாரி அதைப் பார்த்தார். கட்டாரில் நைஜலும் அந்த நிமிஷம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது லொறெய்னுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"றோட் பாக்க வேண்டாம்," என்றார் அதிகாரி. "வீடு பாக்கலாம்."

அவர்கள் போனதும் போன் அடித்தது. கழற்றிவிடு என்று சொல்வான் என நினைத்தாள். "உள்ளுக்குப் பூட்டு," என்றான்.

அப்படித்தான் கமரா தையல் அறைக்குள் வந்தது. அலுமாரிக்கு மேலே, மெசினும் கதிரையும் வாசலும் தெரிகிற மாதிரி அவளே வைத்தாள். முதல் நாள் அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. நைஜல் அறையில் இருக்கிற மாதிரி ஒரு எண்ணம். தலைமயிரை ஒருமுறை சரிசெய்துகொண்டாள்.

மறுகா, சில நாளில், அது மாறிற்று. தண்ணி குடிக்காமல் இருக்கிறாய் என்று போன் வரும். கத்தரிக்கோலை நிலத்தில் விட்டிட்டாய், ஹெதர் மிதிக்கப்போறாள் என்று வரும். தெய்வமணி அக்காவின் மருமகன் காஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனால், யார் அந்த ஆம்பிள என்று வரும். அளவெடுக்க வரும் பெண்களை அவள் குசினிக்குள் அடுப்படிக்குக் கூட்டிப்போய் அளவெடுக்கத் தொடங்கினாள். அதற்கும் போன் வந்தது.

"எங்க போன நீ இவ்வளவு நேரம்?"

"அளவெடுத்தன்."

"சொல்லிப்போட்டுப் போகலாந்தானே."

"யாருக்குச் சொல்றது நைஜல்? அலுமாரிக்கா?"

முதுகு கடித்தால்கூட அவளுக்குச் சொறிய மனம் வரவில்லை. ஒரு நாள் தைத்து முடித்த வெள்ளைக் கவுனை அலுமாரிக் கைபிடியில் மாட்டியபோது அதன் தோள் கமராவை மறைத்துவிட்டது. வேண்டுமென்று செய்தாளா இல்லையா என்பது அவளுக்கே விளங்கவில்லை. கவுனை எடுக்கும்வரை போன் நிற்கவில்லை.

மே மாதம் யுத்தம் முடிந்தது. நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். தாண்டவன்வெளியில் சனம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. கமராவுக்குக் கண் இருந்தது, காதில்லை. ஒவ்வொரு வெடிக்கும் அவள் தோள் துள்ளுவது மட்டும் டோஹாவில் தெரிந்தது.

"ஏன் துள்றாய்? என்ன நடக்குது அங்க?"

"வெடி. கொண்டாடுறாங்க."

"ஹெதர் எங்க?"

"கட்டிலுக்குக் கீழ."

நைஜலுக்கு அங்கே வேலை நேரம். பின்னால் யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவன் போகவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு வேலைநாள் முற்பகலில், லொறெய்ன் மெசினில் இருந்தாள். மெசின் சத்தத்தில் வெளியே எதுவும் கேட்கவில்லை. தெய்வமணி அக்கா தலைமுடி அவிழ்ந்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கடல் வருதாம் புள்ள. கல்லடிப் பாலத்தால சனம் ஓடி வருது. எழும்பு."

லொறெய்ன் எழும்பினாள். கதிரை விழுந்தது. அவள் கமராவை நினைக்கவில்லை, போனை நினைக்கவில்லை. ஹெதரின் கொன்வென்ட் பள்ளிக்கூடம் புளியந்தீவில், வாவி சுற்றிவர இருக்கும் தீவுக்குள். கேற்றைத் திறந்து ஓடினாள்.

றோட்டில் சனம் எல்லாம் ஊர்ப்பக்கமாக, வயல் பக்கமாகப் போனது. ஒரு மோட்டார் சைக்கிளில் குடும்பமே இருந்தது. டை கட்டின வங்கி உத்தியோகத்தர் ஒருவர் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒரு பெண் கோழியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அவர்கள் எல்லாருக்கும் எதிராக லொறெய்ன் போனாள். கோட்டைமுனைப் பாலத்தில் ஏறும்போது ஒரு பக்கச் செருப்பு போய்விட்டது. வயதான ஒருவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"அங்கால போகாத மகள். எல்லாரும் இஞ்சால வாறாங்க, தெரியல்லியா?"

"புள்ள பள்ளிக்கூடத்தில," என்றாள். அவர் கையை விட்டார்.

பாலத்தின் நடுவில் தன்னை அறியாமலே கீழே பார்த்தாள். வாவித் தண்ணீர் எப்போதும் போலக் கிடந்தது. தோணியில் நின்ற ஒரு மனிதன் வலையை வீசினான். மேலே நின்ற சனம் அவனைப் பார்த்துக் கத்தியது. அவன் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வலையை இழுக்கத் தொடங்கினான். அந்தத் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று லொறெய்னால் சொல்ல முடியவில்லை. டச்பாரில் அன்றைக்கும் அவளால் சொல்ல முடியவில்லை. முதலில் முற்றத்தில் கணுக்கால் அளவுக்குத்தான் வந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த நினைவைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

கொன்வென்ட் கேற் பூட்டியிருந்தது. தாய்மார் கம்பியைப் பிடித்து உலுப்பிக்கொண்டு நின்றார்கள். உள்ளே நின்ற சிஸ்டர் ஒருவர், "எல்லாப் பிள்ளைகளும் மேல்மாடியில. திறந்தா நெரிபட்டுப்போகும். மேல பாருங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மேல்மாடி விறாந்தையில் வெள்ளைச் சீருடைகள் வரிசையாக நின்றன. பாட்டுச் சத்தம் வந்தது. வரிசையில் தன் பிள்ளையைத் தேடி லொறெய்னின் கண் முன்னும் பின்னும் ஓடியது. எல்லாப் பிள்ளையும் ஒரே பிள்ளையாகத் தெரிந்தது. கடைசியில் ஹெதர்தான் அவளைக் கண்டு கை காட்டினாள்.

பொலிஸ் வாகனம் ஒலிபெருக்கியோடு வரும்வரை யாரும் கேற்றை விட்டு நகரவில்லை. கடல் வரவில்லை, பொய்க் கதை, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். யார் கிளப்பினது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். லொறெய்ன் ஹெதரின் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தாள். ஹெதர் கதைத்துக்கொண்டே வந்தாள்.

"நாங்க பயப்படல்ல மம்மி. சிஸ்டர் பாடச் சொன்னவ. எனக்குத் தண்ணி விடாய்க்குது. ஏன் உங்களுக்கு ஒரு செருப்பு?"

வீட்டுக் கேற் அகலத் திறந்து கிடந்தது. கரண்ட் இல்லை. போன் அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அடித்ததோ, எதிர்வீட்டிலிருந்து தெய்வமணி அக்கா காதைப் பொத்திக் காட்டினாள். லொறெய்ன் எடுத்தாள்.

"ஹெதர் என்னோட நிக்கிறா," என்றாள் முதல் வார்த்தையாக. "ஒண்டும் நடக்கல்ல. பொய்க் கதை."

மறுபக்கம் அழுகை. நைஜல் அழுது அவள் கேட்டதில்லை. ரொபினுக்கும் அவள் கேட்க அவன் அழவில்லை. ஹெதரிடம் போனைக் கொடுத்தாள். பிள்ளை இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "டடி கதைக்கிறார் இல்ல," என்று திருப்பித் தந்தாள்.

"நான் பாத்துக்கொண்டிருந்தன்," என்றான் அவன். "மணியக்கா வாறா. அவட வாய் அசையுது. நீ எழும்புறாய். கதிரை விழுது. நீ போயிட்டாய். மறுகா அறையில ஒருத்தரும் இல்ல. ஃபேன் மட்டும் சுத்துது. நான் அந்த ஃபேனப் பாத்துக்கொண்டே இருந்தன் லொறெய்ன். கரண்ட் போற வரைக்கும் பாத்தன். கரண்ட் போனதும் தண்ணி உள்ளுக்கு வந்திட்டுது எண்டு நினைச்சன்."

அவள் கதிரையை நிமிர்த்தி வைத்தாள், ஆனால் அதில் உட்காரவில்லை.

"மூச்சு விடுங்க. தண்ணி குடிங்க," என்றாள்.

குடித்தான் போல. திரும்பி வந்தபோது குரல் பழைய குரலாகிவிட்டது. பட்டரி வாங்க வேண்டும், கரண்ட் போனாலும் ரவுட்டர் நிற்கக்கூடாது. முகவரி மாறினாலும் மாறாத பெயர் ஒன்று வைக்கலாம், இலவசமாகக் கொடுக்கிறார்கள். கேற்றுக்கு இன்னொரு கமரா. அதற்கு எட்டாயிரத்து எண்பத்தொன்று. "கரண்ட் வந்தோடன புது நம்பரச் சொல்லு. மறுகா நான் சொல்றபடி..."

"இல்ல நைஜல்."

"என்ன இல்ல?"

"நம்பர் தரமாட்டன்."

தான் இதைச் சொல்லப்போகிறோம் என்று அவளுக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. சொன்ன பிறகு நிற்க முடியவில்லை. போன் வயர் போகிற தூரத்துக்கு அங்குமிங்கும் நடந்தாள்.

"நீங்க பாத்துக்கொண்டிருந்தீங்க. நான் பாலத்தால ஓடினன். நீங்க பாத்தது எனக்கு என்னத்துக்கு உதவின? உங்களுக்குத்தான் என்னத்துக்கு உதவின? இவ்வளவு நாளா என்ட கையப் பாக்கிறீங்க, ஃபேனப் பாக்கிறீங்க. ரொபின வெச்ச இடத்த ஒருக்காத்தான் பாத்தீங்க."

"அதக் கதைக்காத."

"கதைக்கத்தான் வேணும். அண்டைக்கு என்ன நடந்த எண்டு நீங்க என்னட்ட ஒருநாளும் கேக்கல்ல. தண்ணி குடிச்சியா எண்டு கேக்கிறீங்க."

அவன் போனை வைத்துவிட்டான். கரண்ட் வந்ததும் லொறெய்ன் ரவுட்டருக்குள் போனாள். எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. எட்டாயிரத்து எண்பதாம் வாசலுக்கான அந்த ஒரு வரியைத் தெரிவுசெய்து அழித்தாள். ரவுட்டர் நிச்சயமா என்று கேட்டது. ஓம் என்று அமத்தினாள்.

பிறகு போன் வரவில்லை. அன்று வரவில்லை, மறுநாளும் இல்லை. அவள் கேட்டது இந்த அமைதியைத்தான், ஆனால் அது அவளை இருக்கவிடவில்லை. சீருடைக் கொலரைத் தலைகீழாகப் பூட்டிவிட்டுப் பிரித்தாள். அடிக்கடி போய் லைனில் சத்தம் இருக்கிறதா என்று எடுத்துக் கேட்டாள். டோஹாவில் அவன் எப்படி இருக்கிறான், சாப்பிட்டானா, உயரத்தில் ஏறி வயர் வேலை செய்கிறபோது கவனம் பிசகிவிட்டதா? அவளுக்கு அவனைப் பார்க்க ஒரு வழியும் இல்லை. இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்தது என்பதை அவள் அந்த நாட்களில்தான் உணர்ந்தாள். இரண்டு தடவை கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்து அந்தக் கட்டங்களைத் திறந்தாள். இரண்டு தடவையும் எழுதாமல் எழும்பினாள். றவூப் லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டார் என்பது நினைவுக்கு வந்து, காத்தான்குடியில் அவருடைய வீட்டுக்குப் போன் பண்ணி, அவரிடம் கேட்டுச் சொல்லும்படி விசாரித்தாள். நைஜல் வேலைக்குப் போய் வருகிறார், பேசுவது மட்டும் குறைவு என்று பதில் வந்தது.

ஞாயிறு கோயிலுக்குப் போய் வந்து, ஹெதருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது அடித்தது.

"என்ன செய்றாய்?" என்று கேட்டான்.

உண்மையில் தெரியாமல் கேட்கிறான் என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "சோறு போடுறன். இறால் குழம்பு. ஹெதர் இறால் தலையப் பொறுக்கி வைக்கிறா," என்றாள்.

"இந்தக் கிழமை என்ன தைச்ச?"

அவள் சொன்னாள். கொலரைத் தலைகீழாகப் பூட்டியதையும் சொன்னாள். அவன் சிரித்தான். பட்டரி, பெயர், எண் எதையும் அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வைப்பதற்கு முன்னால், "நத்தாருக்கு லீவு கேட்டிரிக்கன்," என்றான். "தருவாங்களோ தெரியல்ல."

தந்தார்கள். மார்கழியில் நைஜல் வந்து இறங்கினான். மெலிந்திருந்தான். வீட்டில் ஓரிடத்தில் இருக்கவில்லை. கேற்றின் கொண்டியைத் திருத்தினான், ஒழுகாத குழாயைக் கழற்றிப் பூட்டினான், ஹெதர் முற்றத்துக்குப் போனால் பின்னால் போனான். லொறெய்ன் தடுக்கவில்லை. அவளும் அவனை ஒரு அறையிலிருந்து மறு அறைக்குக் கண்ணாலேயே துரத்திக்கொண்டிருந்தாள்.

நத்தாருக்கு மறுநாள் பூசை முடிந்து மூவரும் சேமக்காலைக்குப் போனார்கள். நைஜல் ரொபினின் பெயருக்கு முன்னால் நின்றான். எழுத்துகளில் பிடித்திருந்த பாசியை நகத்தால் சுரண்டினான். பிறகு, "டச்பாருக்குப் போவம்," என்று அவனே சொன்னான்.

வீடு இருந்த இடத்தில் சீமெந்து நிலத்தின் ஒரு துண்டும் மணலும்தான் இருந்தன. கடல் காற்றில் பேச்சு பறந்தது. நைஜல் நிலத்தில் கால் வைக்காமல் அதைச் சுற்றி நடந்தான்.

"ரொபின் எங்க நிண்டவன்?" என்று கேட்டான்.

லொறெய்ன் இடத்தைக் காட்டினாள். முற்றம், பிள்ளைகள் சிரித்தது, ஹெதரைத் தூக்கியது, ரொபின் அவள் பாவாடையைப் பிடித்திருந்தது, இரண்டாவது தண்ணீர். ஒன்றையும் விடாமல் சொன்னாள். இதுவரை ஒருவருக்கும் அவள் அதை முழுதாகச் சொன்னதில்லை. நடுவில் அவன் ஏதாவது கேட்பான் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. பாவாடை என்ற இடத்தில் அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். வந்ததிலிருந்து அவன் அப்படி உட்கார்ந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

ஹெதர் தண்ணீர் ஓரத்துக்குப் போய்விட்டாள். லொறெய்ன் கூப்பிட்டாள். காற்று குரலை எடுத்துக்கொண்டது. மறுபடி கூப்பிட்டாள்.

"விடு," என்று நைஜல் எழும்பினான். காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு பிள்ளையிடம் போனான். அலை வந்து இருவர் காலையும் நனைத்தது. அவன் ஹெதரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தான். பிள்ளை நோகிறது என்று கையை உதறுவது தூரத்திலிருந்தே தெரிந்தது. லொறெய்ன் உட்காராமல், அவர்கள் கரைக்கு ஏறி வரும்வரை நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.